தொகுப்பாளரும் ஒரு சாட்சிதான்

முதல் உலகப் போரில் பிரான்ஸ் களத்துக்கு அனுப்பப்பட்ட இந்தியப் படைவீரர்களின் கடிதங்களை டேவிட் ஓமிசி என்ற வரலாற்றாசிரியர் 1999இல் ஆங்கிலத்தில் ஒரு நூலாகத் தொகுத்தார். ‘இந்தியன் வாய்சஸ் ஆஃப் தி கிரேட் வார்’ என்பது அதன் பெயர். 650க்கும் மேற்பட்ட கடிதப் பகுதிகள் அதில் உள்ளன. போர் வரலாறுகளில் வெறும் எண்ணிக்கையாக நின்றுபோன பஞ்சாப் விவசாயியும் பட்டாணியரும் கர்வால் மலைக்காரரும் இதில் வாய்திறந்து பேசுகிறார்கள். பீரங்கிகளுக்கு நடுவே மனிதர்கள் தானியம்போல் அழிவதைச் சொல்கிறார்கள். தம்பியைப் பட்டாளத்தில் சேர விடாதே என்று வீட்டாரைக் கெஞ்சுகிறார்கள். தங்க இடம் கொடுத்த பிரெஞ்சுக் கிழவி தாயைப்போல் பார்த்துக்கொண்டதை எழுதுகிறார்கள். அந்த நாட்டுப் பெண்கள் படித்திருப்பதைக் கண்டு, நம் வீட்டுப் பெண்களையும் படிக்க வைக்க வேண்டும் என்று ஊருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்.

நேரில் கண்டவர்களின் கடிதம், நாட்குறிப்பு, அறிக்கை ஆகியவற்றைத் திரட்டி வரலாற்றுத் தொகை நூல் ஆக்கும் முறைக்கு என்ன வலிமை உண்டு என்று கேட்பவருக்கு இந்த நூலைத்தான் நான் எடுத்துக் கொடுப்பேன். அந்த முறையின் பலவீனங்களைப் பார்க்க விரும்புபவருக்கும் இதே நூல் போதும். இத்தகைய நூல்களைப் படிக்கும்போது சாட்சிகள் நேரடியாக நம்மிடம் பேசுகிறார்கள் என்ற உணர்வு எழுகிறது. அந்த உணர்வுதான் அவற்றின் கவர்ச்சி, அதுவேதான் அவற்றின் ஆபத்து. சாட்சிக்கும் நமக்கும் இடையில் தேர்ந்தெடுத்த ஒருவர், வெட்டிய ஒருவர், மொழிபெயர்த்த ஒருவர் நிற்கிறார். அவர் தம்மை வெளிக்காட்டிக்கொள்ளும் அளவுக்குத்தான் ஒரு தொகை நூல் நம்பத்தக்கது என்பது என் முடிவு.

முதலில் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். வரலாற்றாசிரியர் முடிவைத் தெரிந்துகொண்டு எழுதுகிறார். 1915ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியக் காலாட்படை பிரான்ஸை விட்டு மெசபடோமியாவுக்குப் போகும் என்பதும் போர் 1918 நவம்பரில் முடியும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் அந்த முடிவை நோக்கியே சாயும். 1915 மார்ச்சில் நூவ் ஷபேல் தாக்குதல் முடிந்தபின் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி கடிதம் சொல்லி எழுதுவித்தவருக்கு நாளை என்ன நடக்கும் என்றே தெரியாது. குணமானதும் ஊருக்கு அனுப்புவார்களா, மறுபடியும் பதுங்குகுழிக்கே அனுப்புவார்களா என்பதுதான் அவருடைய கேள்வி. காயம்பட்டவர்களைத் திரும்பத் திரும்பக் களத்துக்கு அனுப்பியது எவ்வளவு பெரிய கசப்பை விளைவித்தது என்பதைத் தளபதிகளின் நினைவுக்குறிப்புகளைவிட இந்தக் கடிதங்களே துல்லியமாகக் காட்டுகின்றன. முடிவு தெரியாதவரின் பயத்தையும் நம்பிக்கையையும் பிற்காலத்தில் எவ்வளவு திறமையான எழுத்தாளராலும் மீட்டெடுக்க முடியாது. அந்த வேளையில் எழுதிய தாள் மட்டுமே அதைக் கொண்டுவர முடியும்.

இன்னொரு பலம், இவற்றில் ஒரே குரல் ஓங்கி நிற்பதில்லை. பேரரசரின் உப்பைத் தின்றதற்கு உயிரைக் கொடுப்பதே பெருமை என்று எழுதுபவரும், எப்படியாவது தப்பித்துக்கொள் என்று எழுதுபவரும் ஒரே நூலில் அடுத்தடுத்து வருகிறார்கள். ‘விசுவாசமான சிப்பாய்’ என்ற பிரிட்டிஷ் சித்திரமும், ‘ஏமாற்றப்பட்ட கூலிப்படை’ என்ற எதிர்ச் சித்திரமும் இந்தக் கடிதங்களுக்கு முன்னால் நிற்க முடிவதில்லை. மானம், சம்பளம், கடன், பயம், குலப்பெருமை, புதிய நாட்டைப் பார்க்கும் வியப்பு எல்லாம் ஒரே மனிதரிடம் கலந்து கிடக்கின்றன. ஒரு வாதத்துக்காக எழுதப்படும் வரலாறு இந்தக் கலவையைப் பிரித்து நேராக்கிவிடும். தொகை நூலில் அது அப்படியே நிற்க இடமிருக்கிறது.

இனிப் பழுதைப் பார்ப்போம். ஓமிசியின் நூலிலுள்ள கடிதங்களின் மூலப் பிரதிகள் பெரும்பாலும் இன்று கிடையாது. லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பவை இந்தியத் தபால்களைத் தணிக்கை செய்த அலுவலகம் தயாரித்த அறிக்கைகளும் அவற்றோடு இணைத்த ஆங்கில மொழிபெயர்ப்புப் பகுதிகளும்தான். புரட்சியாளர்களின் பிரசுரங்கள் படைக்குள் நுழைவதைத் தடுக்கத் தொடங்கிய தணிக்கை, சிப்பாய்களின் மனநிலையை வேவு பார்க்கும் ஏற்பாடாக வளர்ந்தது. எவலின் ஹவல் என்ற அதிகாரி அதை நடத்தினார். ஏராளமான கடிதங்களில் சிலவற்றை மட்டும் அவருடைய அலுவலகம் தேர்ந்து மொழிபெயர்த்தது.

ஒரு சொல் சிப்பாயின் வாயிலிருந்து நம் கண்ணுக்கு வரும் வழியை எண்ணிப் பாருங்கள். அவர்களில் பலருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த தோழரிடம் சொல்லி எழுதுவித்தார்கள். அடுத்து, படைப்பிரிவிலேயே ஒரு தணிக்கை. பிறகு ஹவலின் அலுவலகத்தில் தேர்வு. உருதுவிலிருந்தோ பஞ்சாபியிலிருந்தோ ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பு. எண்பது ஆண்டுகள் கழித்து அதிலிருந்து ஓமிசியின் தேர்வு. ஐந்து சல்லடைகள். ஒவ்வொன்றும் தன் கண்ணின் அளவுக்கு ஏற்பச் சிலவற்றை விட்டது, சிலவற்றைப் பிடித்துக்கொண்டது. ஊரிலும் அந்தக் கடிதத்தை யாரோ ஒருவர் உரக்கப் படித்துக் காட்டத்தான் பலரும் கேட்டிருப்பார்கள். மனைவிக்கு மட்டும் சொல்ல வேண்டியதை, எழுதும் தோழரும் படிக்கும் ஊராரும் கேட்பார்கள் என்று தெரிந்தே அவர் சொல்ல வேண்டியிருந்தது.

தணிக்கை நடப்பதும் சிப்பாய்களுக்குத் தெரியும். அதனால் மறைபொருள் வைத்து எழுதினார்கள். இந்தியப் படையைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளையர் படையைச் சிவப்பு மிளகு என்றும் குறித்து, எந்த மிளகு அதிகமாகச் செலவாகிறது என்று ஊருக்குத் தெரியப்படுத்தினார்கள். தணிக்கையாளர்கள் அதைப் புரிந்துகொண்டு அறிக்கையில் குறித்ததால்தான் நமக்கு இது தெரிகிறது. அவர்கள் புரிந்துகொள்ளாமல் வெறும் சமையல் விவரம் என்று விட்டுவிட்டவை எத்தனையோ இருக்கலாம். அப்படியானால் இந்த நூலில் எந்தக் கடிதத்தையும் ‘சிப்பாயின் உள்ளம்’ என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அது சிப்பாய், தணிக்கையாளர் கேட்கும்படி பேசியது. அரசர்மீது பக்தி பொங்கும் வரிகள் உண்மையாகவும் இருக்கலாம், தணிக்கையாளருக்கென்றே எழுதியவையாகவும் இருக்கலாம். அடுத்த கடிதத்தையும் அதற்கடுத்த கடிதத்தையும் சேர்த்துப் படித்தால்தான் ஓரளவு தெளியும்.

ஓமிசி இந்த வழியை மறைக்கவில்லை. தணிக்கை எப்படி நடந்தது, எழுதியவர் யார், எங்கிருந்து எங்கே போனது, எந்த மொழியில் இருந்தது என்ற விவரங்களோடு அவர் நூலை அமைத்திருக்கிறார். பழுதுள்ள மூலத்தைக் கொண்டும் நேர்மையான தொகை நூல் ஆக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் நூலிலிருந்து ஒரு கடிதத்தை மட்டும் பிய்த்தெடுத்துக் கண்காட்சிச் சுவரிலும் பள்ளிப் பாடத்திலும் நினைவு நாள் கட்டுரையிலும் பயன்படுத்தும்போது இந்த விவரங்கள் உதிர்ந்துவிடுகின்றன. எஞ்சுவது சிப்பாயின் ‘சொந்தக் குரல்’ என்ற பெயரில் ஓர் ஆங்கில வாசகம்.

இதே கதை அதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பே தரங்கம்பாடியில் நடந்திருக்கிறது. 1706இல் அங்கே வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவும் பின்னர் வந்த கிரண்ட்லரும் தமிழர்களிடம் சமயம், சாதி, கல்வி, திருமணம் பற்றிக் கேள்விகள் அனுப்பிப் பதில் கடிதங்கள் வாங்கினார்கள். 99 கடிதங்கள் ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு, ஹாலே நகரில் மிஷன் வெளியிட்டுவந்த அறிக்கைத் தொடரில் அச்சாயின. பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஒரு தமிழர் தம் வாழ்க்கை முறையைத் தாமே விளக்கும் உரைநடை நமக்கு எவ்வளவு அரியது! ஆனால் தமிழ் மூலம் நம் கையில் இல்லை. கேள்வி கேட்டவர் மிஷனரி, மொழிபெயர்த்தவர் மிஷனரி, வெளியிட்டவர் ஹாலேயின் ஃபிராங்கே, வாசித்தவர்கள் நன்கொடை கொடுத்த ஜெர்மானியப் பக்தர்கள். சீகன்பால்கு எழுதிய தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிய நூலை அச்சிட ஃபிராங்கே முன்வரவில்லை. அது 1867இல்தான் சென்னையில் வெளியானது. எதை அச்சிடலாம், எதை அடக்கி வைக்கலாம் என்று முடிவெடுத்த அதே கைதான் தமிழரின் கடிதங்களையும் நமக்குக் கொடுத்தது என்பதை மறந்துவிட்டு அவற்றைப் படிக்கக் கூடாது.

இதுவரை சொன்னவற்றில் சாட்சி உண்மையானவர், வழியில்தான் சிக்கல். சாட்சியே பொய் சொன்னால்? 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படை ஜெர்மானியரிடம் படுதோல்வி அடைந்தது. சுமார் 8,000 பேர் கொண்ட படையை அதில் எட்டில் ஒரு பங்கே இருந்த படை விரட்டியது. அந்தத் தோல்வியில் சிதறியோடிய பிரிவுகளில் ஒன்று 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை, சென்னை மாகாணத்தில் ஆள் திரட்டிய படை. வாரக்கணக்கில் நெரிசலான கப்பலில் அடைந்து கிடந்து, போதிய பயிற்சியும் இல்லாமல் கரையிறக்கப்பட்டவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றி உலகம் பெரிதும் படித்தது, அங்கே உளவு அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் மைனர்ட்ஷாகன் 1960இல் வெளியிட்ட நாட்குறிப்பு வழியாக. ஏளனம் நிறைந்த, காட்சி காட்சியாக விரியும் எழுத்து அது. அதனால் பல போர் நூல்கள் அதை ஆவலோடு எடுத்தாண்டன.

பின்னால் ஆராய்ந்தவர்கள் அந்த நாட்குறிப்பின் பக்கங்கள் நடந்த நாளில் எழுதியவை என்று நம்ப முடியாது என்று காட்டினார்கள். தட்டச்சில் திரும்ப எழுதியவை, இடையில் செருகியவை, பிற்காலத்தில் புனைந்தவை அதில் இருந்தன. பறவை ஆய்வாளராகப் புகழ்பெற்றிருந்த அவர், அருங்காட்சியக மாதிரிகளைத் திருடித் தம் பெயரில் பொய் விவரத்தோடு சேர்த்ததும் வெளிப்பட்டது. பாளையங்கோட்டைப் படை ஓடியது மற்ற ஆவணங்களிலும் உண்டு; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்களுடைய தோல்வி எந்த நிறத்தில், எந்தக் குரலில் நினைவுகூரப்பட்டது என்பதைத் தீர்மானித்ததில் நம்பத்தகாத ஒரு பேனாவுக்குப் பெரும்பங்கு உண்டு. ஓமிசியின் தொகுப்பு பிரான்ஸ் களத்தைச் சார்ந்தது. சென்னை மாகாணத்து வீரர்களில் பெரும்பாலோர் மெசபடோமியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போனவர்கள். ஆகவே குற்றஞ்சாட்டியவரின் நாட்குறிப்பு அச்சில் இருக்கிறது, குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் கடிதம் எதிரே நிற்கவில்லை.

நன்றாக எழுதப்பட்டது உண்மையாகவும் இருக்கும் என்ற மயக்கம் தொகுப்பாளர்களுக்கு இயல்பாக வருகிறது. ஆங்கிலத்தில் இந்த வகைக்குப் பெரும் வாசகர் கூட்டத்தைத் தேடித் தந்த ஜான் கேரியின் ‘ஃபேபர் புக் ஆஃப் ரிப்போர்ட்டாஜ்’ 1987இல் வந்தது. ஏதென்ஸின் கொள்ளைநோய் தொடங்கி 1986இல் பிலிப்பைன்ஸில் மார்கோஸ் வீழ்ந்தது வரை ஒரே நூலில் அடங்கியது. கேரி இலக்கியப் பேராசிரியர். மொழியின் கூர்மையை அளவுகோலாக வைத்தார். அதனால் அந்த நூலைக் கீழே வைக்க முடியாது. அதனாலேயே போர், தூக்குமேடை, தீ, கப்பல் விபத்து என்று உலக வரலாறு விபரீதங்களின் வரிசையாகவும் தெரிகிறது. மெல்ல நடக்கும் மாற்றத்துக்கு நேரில் கண்ட சாட்சி கிடைப்பதில்லை. நிலவரி ஏறியதை, ஒரு தொழில் நசிந்ததை, ஒரு பழக்கம் மறைந்ததை யாரும் ஒரே நாளில் நின்று பார்ப்பதில்லை. வரலாற்றின் பெரும்பகுதி அந்த வகையைச் சேர்ந்தது. தொகை நூலின் கண்ணுக்கு அது தப்பிவிடுகிறது.

‘நேரில் கண்டது’ என்ற முத்திரையும் கவனத்துக்குரியது. வெசூவியஸ் எரிமலை வெடித்ததைச் சொல்லும் இளைய பிளினியின் கடிதங்கள் இத்தகைய தொகுப்புகளில் தவறாமல் இடம்பெறுகின்றன. நிகழ்வு பொ.ஆ. 79இல். பிளினி அதை எழுதியது கால் நூற்றாண்டுக்குப் பின், வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கேட்டுக்கொண்டதற்காக. பதினேழு வயதில் பார்த்ததை நடுவயதில், புகழ்பெற்ற வாசகர் ஒருவருக்காக மெருகேற்றி எழுதியிருக்கிறார். அதன் கையெழுத்துப் பிரதிகள் தரும் ஆகஸ்ட் 24 என்ற நாளையே 2018இல் பொம்பெயியில் கண்டெடுத்த கரிக்கட்டி எழுத்து ஐயத்துக்குள்ளாக்கிவிட்டது. அதிலிருந்தது அக்டோபர் மாதத்து நாள். பிளினியின் கடிதம் இதனால் மதிப்பிழந்துவிடாது. அது உடனடிக் குறிப்பு என்ற எண்ணத்தை வாசகருக்கு ஏற்படுத்துவதுதான் தவறு.

தொகுப்பாளர் ஒதுங்கி நின்றால் இந்தச் சிக்கல்கள் தீருமா? ஜெர்மானிய எழுத்தாளர் வால்டர் கெம்பொவ்ஸ்கி அதை முயன்று பார்த்தார். முன்பின் தெரியாத மக்களின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் விளம்பரம் செய்து திரட்டினார். 1993 முதல் 2005 வரை பத்துத் தொகுதிகளாக ‘டாஸ் எக்கோலோட்’ வெளிவந்தது. முதல் நான்கு தொகுதிகள் 1943ஆம் ஆண்டின் ஜனவரி, பிப்ரவரி ஆகிய இரண்டு மாதங்களுக்கு மட்டும். ஸ்டாலின்கிராட் பனியில் மடியும் சிப்பாய், பெர்லினில் ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் பெண், புலம்பெயர்ந்த எழுத்தாளர், நாஜி அதிகாரி எல்லோரும் ஒரே தேதியின் கீழே பக்கத்தில் பக்கத்தில் வருகிறார்கள். தொகுப்பாளரின் கருத்துரை கிடையாது.

இது துணிச்சலான முறை. குற்றம் செய்தவரின் சளித்தொல்லையும் பலியானவரின் கடைசிக் கடிதமும் ஒரே அளவு எழுத்தில் வந்தால் இரண்டும் சமமாகிவிடாதா என்ற எதிர்ப்பும் நியாயமானது. ஆனால் கெம்பொவ்ஸ்கி உண்மையில் ஒதுங்கி நிற்கவில்லை. ஆஷ்விட்ஸ் முகாமின் நாள்வாரிக் குறிப்பை அந்தக் குரல்களோடு சேர்த்து வைத்தார். வீட்டுக் கவலைகளைப் படித்துவந்த வாசகர், அதே நாளில் முகாமில் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கையில் வந்து முட்டுகிறார். கருத்துரை எழுதாமலே கடுமையான தீர்ப்பு எழுதும் முறை அது. வரிசைப்படுத்துவதே ஒரு வாதம். மௌனமான தொகுப்பாளர் என்று ஒருவர் இருக்க முடியாது.

மிகப் பெரிய குறை, தாளே எஞ்சாத இடத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர் நீளம். அங்கே 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க் கைதிகள் உழைத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப்போல் சுமார் மூன்று மடங்கு. அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளம். இறந்தவர்களிலும் ஆசியத் தொழிலாளர்களே மிகப் பெரும்பான்மை. ஆஸ்திரேலிய மருத்துவர் டன்லப்பின் போர் நாட்குறிப்பு உட்படக் கைதிகள் எழுதியவை அலமாரி கொள்ளாத அளவுக்கு உண்டு. தமிழ்த் தொழிலாளர்கள் அந்த நாட்களில் எழுதியவை நம்மிடம் அநேகமாக இல்லை. அந்த ரயில் பாதைக்கு நாட்குறிப்புகளைக் கொண்டு தொகை நூல் செய்தால் அது வெள்ளையரின் துயரமாகவே முடியும், தொகுப்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அந்தத் தொழிலாளர்களைப் பற்றிய நினைவை மலேசியத் தமிழர்கள் வாய்மொழியிலும், ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற நாவல்களிலும்தான் காத்துவந்தார்கள். எழுதப்பட்ட சாட்சியை மட்டுமே சாட்சி என்று கொள்ளும் முறை, எழுத்தறிவையே வரலாற்றில் இடம்பெறும் தகுதியாக்கிவிடுகிறது.

இதற்காக இந்த முறையைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள், சாஸ்திரி–சிறிமாவோ உடன்படிக்கைக்குப் பின் மலையகத்திலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் போன்ற பெரும் நிகழ்வுகளுக்குத் தமிழில் சாட்சித் தொகை நூல்கள் வேண்டும். டிரங்குப் பெட்டிகளில் கிடக்கும் கடிதங்களும் மனுக்களும் ஒவ்வொரு தலைமுறை மாறும்போதும் பழைய காகிதத்தோடு போய்விடுகின்றன. ஆனால் அவற்றைத் தொகுப்பவர் சில கடமைகளை ஏற்க வேண்டும். நிகழ்ந்த நாளையும் எழுதிய நாளையும் தனித்தனியே தர வேண்டும். மூலம் கையெழுத்தா, தட்டச்சா, பிரதியா, மொழிபெயர்ப்பா என்று சொல்ல வேண்டும். வெட்டிய இடத்தில் வெட்டிய அடையாளம் இருக்க வேண்டும். எத்தனையிலிருந்து எத்தனை எடுத்தார், எந்த அளவுகோலால் எடுத்தார் என்று முன்னுரையில் கணக்குக் காட்ட வேண்டும். ஒரு சாட்சியை மறுக்கும் இன்னொரு சாட்சி இருந்தால் அதை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் பக்கத்திலேயே நிறுத்த வேண்டும். எழுதாமல் போனவர்கள் யார் என்பதையும் பதிவு செய்து, வாய்மொழியும் மனுவும் மருத்துவமனைப் பதிவேடும் அந்த இடத்தை எவ்வளவு நிரப்ப முடியும் என்று தேட வேண்டும்.

இப்படிச் செய்தால் நூலின் ஓட்டம் தடைபடும், வாசகர் சலித்துவிடுவார் என்று பதிப்பகத்தார் சொல்வதுண்டு. ஓமிசியின் நூல் அந்த அச்சத்துக்குப் பதில். தணிக்கையாளர் இடையில் நிற்பது தெரிந்தபின் சிப்பாயின் ஒவ்வொரு வரியும் இன்னும் கூர்மையாகவே ஒலிக்கிறது. யாருக்குப் பயந்து, யாரை நம்பி அவர் அதைச் சொன்னார் என்று வாசகர் யோசிக்கத் தொடங்குகிறார். நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவரைக் குறுக்கு விசாரணை செய்ய நமக்கு உரிமை உண்டு. இறந்துபோன சாட்சிகளை நம்மால் அப்படி விசாரிக்க முடியாது. அவர்களைக் கூட்டிவந்த தொகுப்பாளரை விசாரிக்கலாம். அதற்கு இடம் கொடுக்கும் நூலை வரலாறு என்று ஏற்கலாம். இடம் கொடுக்காத நூலை, எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், வாசிப்பு அனுபவம் என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே முறை.